மாயவரம் பக்கம் 1938-இல் கட்டிய ஓட்டு வீடு: நாங்கள் இரண்டு பேருமே பார்க்கும் வேலை, ஆலோசனை வேண்டும்

ரேழிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். மாயவரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். அங்கே என் மாமனாரின் அப்பா 1938-இல் கட்டிய வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், அப்புறம் அடுக்களை, இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு என்று தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். மேலே மங்களூர் ஓடு, பக்க அறைக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ் தளம் (தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது). மாமியார் போன பிறகு பதினோரு வருடம் பூட்டிக் கிடந்தது. பங்காளிகளிடம் பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, போன வருடம் தை மாதம் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் இவரும் இங்கேயே வந்துவிட்டோம். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதான். காலை 6 முதல் 9 வரை வீட்டு வேலை, சனி ஞாயிறு முழு நாளும்.

செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஒரு காண்டிராக்டர் கூடத்துச் சுவரைப் பார்த்துவிட்டு "இந்தக் காரை செத்துப்போச்சு, கீழே நாலு அடிக்கு உரித்துவிட்டு சிமெண்ட் பூசிடலாம்" என்றார். சரி என்றோம். அவர் பூசிவிட்டுப் போனதும் நாங்கள் இருவரும் மூன்று வாரம் உட்கார்ந்து புட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, எமல்ஷன் இரண்டு கோட் அடித்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது சுவர். ஐப்பசி மழை தொடங்கி இருபது நாளில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். விரலால் அழுத்தினால் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, அதன் பின்னால் புட்டி ஈர மாவாக விரலில் ஒட்டியது. இவர் அதை நாக்கில் வைத்துப் பார்த்தார், நல்ல கரிப்பு. அதைவிட வயிற்றைக் கலக்கியது வேறொன்று. சிமெண்ட் பூசிய நாலு அடிக்கு மேலே இருந்த பழைய காரையில் எந்தக் காலத்திலும் ஈரம் இருந்ததில்லை. இப்போது அங்கே, ஐந்து அடி உயரத்தில், ஒரு கோடு போட்டாற்போல் ஈரம்.

பூசிய சிமெண்டை முழுக்க உரித்துவிடலாமா, உரித்தால் சுண்ணாம்பு பூச நாங்களே கற்றுக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. கதவு, ஜன்னல், முற்றத்துத் தூண் நான்கிலும் ஆறேழு கோட் பெயிண்ட் ஏறியிருக்கிறது, அதையும் எடுக்க ஆசை. சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் "ஆளை விட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இடியுங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். எங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

கொத்தனார்மகன்:

அக்கா, என் அப்பா நாற்பது வருடம் கொத்தனார், நான் அவரிடம் சித்தாளாக இருந்து பிறகு டிப்ளமா படித்தவன். உங்கள் சுவரில் நடந்தது நூறு வீட்டில் நடக்கிறது.

அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கிற அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கிற தண்ணீரைச் செங்கல் உறிஞ்சும், மூன்றடி வரைக்கும் ஏறும், சுண்ணாம்புக் காரை வழியாக அது ஆவியாகிக் காற்றில் போய்விடும். சுவர் குடித்ததைச் சுவரே விட்டுவிடும். நீங்கள் அந்த வழியைச் சிமெண்ட் வைத்து அடைத்து, புட்டி வைத்து அடைத்து, எமல்ஷன் வைத்து மூடிவிட்டீர்கள். தண்ணீர் உள்ளேயே நின்றுகொண்டு எங்கே வழி இருக்கிறது என்று மேலே தேடிப் போய் ஐந்தாவது அடியில் பழைய காரையைக் கண்டுபிடித்து வெளியே வருகிறது. தண்ணீரோடு மண்ணில் இருக்கிற உப்பும் வரும். தண்ணீர் காயும்போது உப்பு மட்டும் நின்று பூக்கும், அது பூக்கும்போது மேலே என்ன பூச்சு இருந்தாலும் தள்ளிவிடும். இதற்கு மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

உரிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தெருவுக்கு மேல் தெரு போட்டு உயர்த்தியிருப்பார்கள், திண்ணைக்கு எத்தனை படி இருந்தது, இப்போது எத்தனை தெரிகிறது? முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற ஜலதாரை அடைத்திருக்கிறதா? கொல்லைப்புறம் துவைக்கிற கல்லுத் தண்ணீர் எங்கே போகிறது? தண்ணீர் வருகிற வழியைப் பார்க்காமல் சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பும் தோற்றுப்போகும்.

திருச்சிவாசி:

மேடம், உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். லால்குடியில் எங்கள் தாத்தா வீட்டை ஏழு வருடம் இப்படித்தான் பழுது பார்த்தோம். ஓடு மாற்றினால் அது உட்காருகிற ரீப்பர் சட்டம் உளுத்திருக்கும், ரீப்பர் மாற்றினால் அதைத் தாங்குகிற கைமரம் உளுத்திருக்கும். எங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி, இரவில் பாத்ரூம் போக முற்றத்தைத் தாண்டிக் கொல்லைக்குப் போக வேண்டும், மழை நாளில் ஒருமுறை தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு இடித்துவிட்டு இரண்டு பெட்ரூம் கட்டினோம், அம்மா கடைசி நான்கு வருடம் நிம்மதியாக இருந்தார். வீடு அழகாக இருப்பதைவிட அதில் இருக்கிறவர் விழாமல் இருப்பது முக்கியம். நீங்கள் இருவரும் அறுபதைத் தொடும்போது இந்த வீடு எப்படி இருக்கும் என்று இப்போதே யோசியுங்கள்.

ரேழிவீடு:

திருச்சிவாசி அண்ணா, நீங்கள் எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அன்றைக்கே முடிவு செய்தோம், கூடத்தை ஒட்டிய பக்க அறைக்குள் ஒரு பாத்ரூம், கைப்பிடியோடு, படி இல்லாமல். வேறு எந்த அலங்காரத்துக்கும் முன்னால் அதுதான். இதைச் சொன்னதற்கு நன்றி.

ஆனால் இடிப்பதற்கு எங்களால் முடியாது. பழம்பெருமை என்று நினைக்க வேண்டாம். சித்திரை மாத மத்தியானத்தில் இந்தக் கூடத்தில் ஃபேன் இல்லாமல் படுக்க முடிகிறது, சென்னையில் ஏசி போட்டுக்கொண்டு கிடந்தோம். இது எங்களுக்குப் போதுமான காரணம்.

கொத்தனார்மகன் தம்பி, நீங்கள் கேட்டது சரி. திண்ணைக்கு ஐந்து படி இருந்ததாம், இப்போது இரண்டுதான் தெரிகிறது. மூன்று படி தார் ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. கார்த்திகையில் ஒரு நாள் நல்ல மழையில் இவர் குடையோடு வெளியே நின்று பார்த்தார், தெருத் தண்ணீர் திண்ணையின் அடியில் மோதி அப்படியே நிற்கிறது, வடிய வழியே இல்லை. ஜலதாரையில் கை விட்டால் முழங்கை வரைக்கும் மண்ணும் வேப்பிலையும். அதை எடுக்க ஒன்றரை நாள் ஆனது. கடைசியில் ஒரு பம்பரம் வந்தது, இவருடைய அண்ணனுடையது, ஆணி துருப்பிடித்து.

தை பிறந்ததும் திண்ணையை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்துக்கு, அஸ்திவாரத்துக்குக் கீழே போகாமல், பள்ளம் எடுத்து, ஓட்டை போட்ட பைப் வைத்து ஜல்லி கொட்டி, தண்ணீரைப் பக்கத்துச் சந்துச் சாக்கடைக்குத் திருப்பியிருக்கிறோம். இப்போது சிமெண்டை உரிக்கிறோம்.

கொத்தனார்மகன்:

நல்லது அக்கா. உரிக்கும்போது மெஷின் வேண்டாம், சின்னச் சுத்தியும் உளியும் போதும். மெஷின் அதிர்ச்சியில் செங்கல்லுக்கு நடுவில் இருக்கிற பழைய சாந்தும் உதிர்ந்துவிடும். மேலே இருக்கிற பழைய காரையைச் சுத்திக் காம்பால் தட்டிப் பாருங்கள், "டொப்" என்று வெற்றுச் சத்தம் வந்தால் அது சுவரை விட்டுவிட்டது, எடுத்துவிடலாம். "டக்" என்று வந்தால் தொடாதீர்கள், எண்பது வருடக் காரையைவிட உறுதியாக நாம் பூசப்போவதில்லை.

உரித்த பிறகு உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, அது திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். பத்து நாளில் மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதம் சுவரைச் சும்மா விடுங்கள். இந்தப் பொறுமைதான் பெரிய வேலை.

சுண்ணாம்பு: சுட்ட கல்லாகவே வாங்குங்கள். ட்ரம்மில் தண்ணீரை முதலில் வைத்து அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும், கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் பக்கத்திலேயே போக வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள், வெண்ணெய் மாதிரி வரும். ஒன்றுக்கு மூன்று மணல். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறவைத்துப் புளித்த தண்ணீரில் குழைப்பது எங்கள் அப்பா வழக்கம். ஒரு கோட் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பூசுவதற்கு முந்தின நாளிலிருந்தே சுவரை நனைக்க வேண்டும், பூசிய பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ளணும். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டுதான் இறுகும், மாதக்கணக்கில் ஆகும். "ஒரு கரண்டி சிமெண்ட் சேர்த்தால் சீக்கிரம் இறுகும்" என்று யாராவது சொல்வார்கள். சேர்க்காதீர்கள்.

குடந்தை_எலக்ட்ரீசியன்:

சகோதரி, சுவர் திறந்திருக்கும்போதே ஒயரிங்கைப் பாருங்கள். அந்தக் காலத்து வீடென்றால் மரச் சட்டத்தில் கிளிப் அடித்து ரப்பர் உறை போட்ட ஒயர் ஓடும், கருப்பு உருண்டை சுவிட்ச் இருக்கும், பீங்கான் ஃப்யூஸ் இருக்கும், எர்த் இருக்காது. அந்த ரப்பர் இப்போது தொட்டால் பொடியாக உதிரும். ஓட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் அது ஓடுகிறது என்றால் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

இது ஒன்றை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், லைசன்ஸ் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். புதிதாக எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்துகிற ஆர்சிசிபி ஒன்று, ஒவ்வொரு லைனுக்கும் லோடு கூடினால் விழுகிற எம்சிபி. ஒயர் கனம் லைட் ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பெரிய பிளக்குக்கு 2.5-க்குக் குறையாமல், ஏசி கீசருக்கு 4. சுண்ணாம்புச் சுவரில் கட்டர் வைத்துக் காடி வெட்ட வேண்டாம், சுவருக்கு மேலேயே பைப் ஓட்டச் சொல்லுங்கள். விட்டத்தை ஒட்டி நேர்க்கோட்டில் கருப்புப் பைப் ஓடினால் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஈரச் சுவர் இருக்கிற வீட்டில் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு மழைக்காலம்கூட ஓட்டாதீர்கள், நான் பார்த்த விபத்துகளை வைத்துச் சொல்கிறேன்.

நாகர்கோவில்_மரவேலை:

கதவுப் பெயிண்ட் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. உங்கள் தூணில் இருக்கிற ஆறு கோட்டும் அதற்கு முந்தியவை. காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி முழுக்க நுரையீரலுக்குத்தான் போகும், குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம். நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள், அல்லது பெயிண்ட் ரிமூவர் தடவி, கூழானதும் ஸ்கிரேப்பரால் வழியுங்கள். நெருப்பு வைத்துக் கருக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம். என்95 மாஸ்க், கீழே பிளாஸ்டிக் ஷீட், வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைப்பது, அந்த உடுப்பைத் தனியாகத் துவைப்பது.

மரம் தெரிந்த பிறகு வார்னிஷ் போட அவசரப்படாதீர்கள், ஆளி விதை எண்ணெய் மெல்லிசாக மூன்று முறை போதும். ஒன்று கவனம்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். ஓட்டுக்கு அடியில் இருக்கிற கைமரத்துக்கு எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பார்கள், கரையான் கிட்டவே வராது, ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும்.

ரேழிவீடு:

(இந்தப் பதிவை மட்டும் அவள் கணவன் நான் எழுதுகிறேன், கணக்கு அவளுடையது.)

கூரையைப் பற்றிக் கொஞ்சம். நான்கு பக்க ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரிகிற வீடு இது, இரண்டு சரிவு சேர்கிற மூலைக்குக் கூடல்வாய் என்பார்கள். எல்லா ஒழுக்கும் அங்கேதான் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு ராத்திரி நல்ல மழையில் தாழ்வாரத்தில் ஏணி போட்டு டார்ச் அடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், கூடல்வாய்த் தகரத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, அங்கே இறங்குகிற தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கமாகவே ஒரு நூல் மாதிரி ஆறு அடி ஓடி, ஒரு ஆணி இருக்கிற இடத்தில் சொட்டுகிறது. நான் மாற்றிய ஓடுகளில் ஒன்றுகூடப் பழுது இல்லை.

மாசியில் அந்த மூலையைப் பிரித்தோம். ஒரு ஓடு இரண்டு கிலோவுக்கு மேல். நான் மேலே இருந்து எடுத்துக் கொடுக்க, அவள் ஏணிப் பாதியில் நின்று வாங்கி, கீழே பத்துப் பத்தாக அடுக்கி, சுண்ணாம்புக்கட்டியால் வரிசை எண் போட்டாள். திரும்ப ஏற்றும்போது ஒன்றுகூட இடம் மாறவில்லை, அது முழுக்க அவள் வேலை. ஓட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் 1865 என்று பொறித்திருந்தது. எனக்குத் தலை சுற்றியது, பிறகு விசாரித்தால் அது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடமாம், ஓடு அந்த வருடத்தது இல்லை. கூடல்வாய்க்குப் புதுத் தகரம், அதன் இருபக்கமும் ரீப்பர் பதினான்கு மாற்றினேன். கைமரம் ஒன்றில் முனை மட்டும் உளுத்திருந்தது, அதை வெட்டிவிட்டுப் பழைய தேக்குத் துண்டைப் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டிருக்கிறேன். உயரத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதீர்கள், ஈர ஓடு சோப்பு மாதிரி.

வேதாரண்யம்காரன்:

அண்ணே, ஓட்டு வேலை கையோடு ஒன்று செய்துவிடுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் தெருவில் முதலில் பறந்தவை இறவாணத்து (கூரையின் கீழ் விளிம்பு) ஓடுகள்தான். அந்த முதல் வரிசை கிளம்பினால் காற்று உள்ளே நுழைந்து மற்றதையும் தூக்கிவிடும். இறவாணத்தில் இரண்டு வரிசையையும் முகட்டு ஓட்டையும் ரீப்பரோடு சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டுங்கள். மங்களூர் ஓட்டின் அடியில் அதற்காகவே ஒரு காது இருக்கும், அதில் துளை இருந்தால் கம்பி விடலாம். எங்கள் வீட்டை அப்படித்தான் திரும்ப மேய்ந்தோம்.

தெற்குவீதி:

நான் ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படவில்லை. "நாங்களே செய்கிறோம்" என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர்தான் மிச்சம், இருவருக்கும் எழுபது வயது, வருடத்தில் பாதி நாள் வேலை இல்லை. வசதி இருக்கிறவர்கள் யூடியூப் பார்த்துத் தாங்களே செய்தால் அந்தக் கைவேலை யாரிடம் போய் நிற்கும்? கூலி கொடுத்துச் செய்வதும் ஒரு மரியாதைதானே.

ரேழிவீடு:

நீங்கள் கேட்டது நியாயம், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் ஒருவரை வரவழைத்தோம். சீர்காழிப் பக்கத்துப் பெரியவர். ஒன்பது நாள் வந்தார், அவர் கேட்ட கூலியையும் பஸ் செலவையும் கொடுத்தோம், தினமும் சாப்பாடு எங்களோடு. முதல் சுவரை அவர் பூசினார், நாங்கள் கலவை குழைத்துக் கொடுத்தோம். இரண்டாவது சுவரை நாங்கள் பூச அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். நான் கரண்டியை அழுத்தித் தேய்த்தபோது "அழுத்தாதே தாயி, அது உனக்குப் பயப்படாது, தடவு" என்றார். எவ்வளவு படித்தும் கையில் வராதது அந்த ஒரு சொல்லில் வந்தது. கலவை சரியாக வந்ததா என்று அவர் பார்க்கிற விதம்: கரண்டியில் அள்ளித் தலைகீழாகத் திருப்புவார். விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், உதறினால் மொத்தமாக விழ வேண்டும், கரண்டி சுத்தமாக இருக்க வேண்டும். என் கலவை ஐந்தாம் நாள்தான் அப்படி விழுந்தது.

அவர் இல்லாமல் இதைத் தொடங்கியிருக்கவே கூடாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. பக்கத்து ஊரில் இரண்டு வீட்டுக்காரர்களிடம் அவரைச் சொல்லியிருக்கிறேன், ஒருவர் கூப்பிட்டுவிட்டார்.

காரைக்குடி_ஆச்சிபேத்தி:

படிக்கப் படிக்க ஊருக்குப் போகணும் போல இருக்கிறது அக்கா. தரையை என்ன செய்யப் போகிறீர்கள்? ஆத்தங்குடிக் கல் போடுவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அது சுட்ட கல் இல்லை, கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியிலிருந்து வருகிற பளபளப்புதான் அது. ஆசிட் ஊற்றித் துடைத்தால் அன்றோடு முடிந்தது. போட்ட புதிதில் மங்கலாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் மெருகு வரும். எங்கள் ஆச்சி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பார். அடுக்களையில் மட்டும் யோசித்துப் போடுங்கள், புளித்தண்ணீரும் எலுமிச்சையும் கறை பிடிக்கும்.

ரேழிவீடு:

புதுப் பாத்ரூமுக்கு வெளியே உள்ள சின்ன நடைக்கு மட்டும் ஆத்தங்குடி. கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை இருக்கிறது, நடுவில் ஊஞ்சலுக்கு நேர் கீழே இரண்டு தலைமுறை கால் தேய்த்து வழவழவென்று ஒரு வட்டம். இரண்டு விரிசல் இருந்தன. ரெட் ஆக்சைடு கலந்து அடைத்தோம், நிறம் சேரவில்லை, இரண்டு கோடும் கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிகிறது. பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுங்கள் என்றார்கள், மாட்டோம்.

சுவருக்கு இப்போது சுண்ணாம்புதான் அடித்திருக்கிறோம், வடிகஞ்சி சேர்த்து, கொஞ்சம் நீலம் போட்டு. அடுக்களைக்கு மஞ்சள் காவி. கீழே ஒரு அடிக்குச் சிவப்புக் காவிப் பட்டை, அம்மா வீட்டில் பொங்கலுக்கு அடிப்பது போல. முதல் கோட் அடித்ததும் ஒன்றுமே தெரியாமல் ஈரச் சுவர் மாதிரி இருந்தது, ஏமாந்துபோய்ப் படுத்தேன். காலையில் எழுந்து வந்து பார்த்தால் கூடம் முழுக்க வெளுத்திருந்தது. எமல்ஷன் வெள்ளை மாதிரி இல்லை, முற்றத்து வெளிச்சம் சுவருக்குள் போய் வருகிற மாதிரி. ஜன்னலுக்கு மாமியாருடைய பழைய சுங்குடிச் சேலைகளை இரண்டாக வெட்டித் தைத்திருக்கிறேன், கிழியாத பக்கமாகப் பார்த்து. ஊஞ்சல் சங்கிலியில் இரண்டு கண்ணி தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டுத்தான் மாட்டினோம்.

ஒரு இடம் மட்டும் அடிக்கவில்லை. இரண்டாம் கட்டில் நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தை நகர்த்தியபோது பின்சுவரில் கரியால் எழுதிய நெல் கணக்கு இருந்தது. கலம், மரக்கால் என்ற பழைய அளவுகளில் பத்துப் பன்னிரண்டு வரி, பக்கத்தில் ஐந்தைந்து கோடாக மூட்டைக் கணக்கு. தாத்தா எழுத்து என்று இவர் கண்டுபிடித்தார், அவர் "த" போடும்போது வாலை நீட்டுவாராம். அந்த இரண்டு சதுர அடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் அடித்தோம். தொட்டால் கரி கையோடு வருகிறது. இதை மூடி வைக்க என்ன வழி?

நாகர்கோவில்_மரவேலை:

அதன் மேல் வார்னிஷ், ஸ்ப்ரே எதுவும் அடித்துவிடாதீர்கள், சுவர் மூச்சு விடாமல் காரையோடு உதிர்ந்துவிடும். மரச் சட்டம் ஒன்று செய்து, சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிக் கண்ணாடி வையுங்கள், மேலேயும் கீழேயும் காற்று போக இடைவெளி இருக்கட்டும். நல்ல வெளிச்சத்தில் இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

ரேழிவீடு:

கார்த்திகை கடைசி, இந்த வருட மழை ஏறக்குறைய முடிந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடத்துச் சுவர் மழைக்காலம் முழுக்க ஒரு கொப்புளம் இல்லை. அடை மழை பெய்த நான்கு நாளில் கீழே முக்கால் அடிக்கு நிறம் கொஞ்சம் கருத்தது, வெயில் வந்த மூன்றாம் நாள் பழையபடி வெளுத்துவிட்டது. ஐந்தாம் அடியில் இருந்த கோடு போயே போய்விட்டது. தினமும் காலையில் காபியோடு வந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், குளிர்ச்சியாக இருக்கும், ஈரம் ஒட்டாது.

ஒரே ஒரு இடம் சரியில்லை. புதுப் பாத்ரூமுக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில், தரையிலிருந்து இரண்டு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரம். மழை நின்றும் காயவில்லை.

கொத்தனார்மகன்:

மழை நின்றும் காயவில்லை, இரண்டடி உயரத்தில் உள்ளங்கை அளவு என்றால் அது மண் ஈரம் இல்லை அக்கா, குழாய். அந்தச் சுவரில் தண்ணீர்க் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது? இரண்டு நாள் அந்த லைன் வால்வை மூடிவைத்து, ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்குள் சுருங்கினால் குழாயின் எல்போ (வளைவு இணைப்பு) தான்.

ரேழிவீடு:

சுருங்கியது. வாளிக் குழாயின் எல்போ, இரண்டடியில். இவர் நூல் சுற்றி ஒட்டிய இடம்தான். திறந்து, புது டெஃப்லான் டேப் சுற்றி மாட்டிவிட்டார், டப்பாவில் மிச்சம் இருந்த சுண்ணாம்பை எடுத்து நான் அந்த இடத்தைத் தடவிவிட்டேன். நாளை காலையிலிருந்து கொல்லைக் கிணற்றுச் சுவர். அந்தப் பெரியவர் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.